கத்தாத கேட்

ஜூலை 1, செவ்வாய்

இன்று மச்சானுக்கு டீ போட்டுக் கொடுத்து மானம் போனது. என் மனைவி காலிதாவின் அண்ணன். பாதி டம்ளர் குடித்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "மச்சான், தம்மாம்ல டீக்கு உப்புதேன் போடுவாகளா?"

அடுப்படியில் இரண்டு குழாய். ஒன்றில் நல்ல தண்ணி, ஒன்றில் போர் தண்ணி. போர் தண்ணி கடலை விட மோசம். எது எதென்று எனக்குத் தெரியவில்லை. சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக் நான்; அரபிக்காரன் வீட்டு ஏசியில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு லீவில் வந்தவன். மாசக் கடைசியில் திரும்பணும். போவதா, சொந்த ஊர் தொண்டியிலேயே இருந்துவிடுவதா? காலிதா போங்கன்னும் சொல்லவில்லை, இருங்கன்னும் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

சும்மா இருக்க முடியவில்லை. வாசல் இரும்புக் கேட் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும். கீலைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தேன். இப்போது விரலால் தொட்டால் போதும், பட்டு மாதிரி திறக்கிறது. யாரும் பாராட்டவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால், பக்கத்து வீட்டுக் கனியின் ஆடு எங்கள் முற்றத்தில். கறிவேப்பிலைச் செடியில் குச்சிதான் மிச்சம்.

"கேட் கத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் காலிதா. ஆட்டைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

ஜூலை 5, சனி

சாயங்காலம் மகள் சூஃபியா காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அடுப்படிக்குப் போனாள். காலிதா பதறிப் பால் சட்டியைப் போட்டுவிட்டாள். "ஏண்டி பூனை மாதிரி வாறே?"

தரையைத் துடைத்துக்கொண்டே சூஃபியா எனக்கு விளக்கினாள். "கேட் சத்தத்த வச்சே அம்மா ஆளச் சொல்லிரும், அத்தா. நான் ஒரே இழுப்பா இழுப்பேன். பால்காரரு பாதிதேன் திறப்பாரு. புது ஆளா இருந்தா அம்மா கையில கரண்டியோட வந்து நிக்கும்."

"நான் வந்தா?"

யோசித்தாள். "நீங்க எப்ப அத்தா வந்தீக, தெரியிறதுக்கு?"

ஜூலை 7, திங்கள்

இரண்டு நாளாக அந்தச் சத்தமே மண்டைக்குள் ஓடுகிறது. ஆம்பளை இல்லாத வீடு. வயசுப் பிள்ளையோடு ஒருத்தி. கேட் கத்தினால்தானே நிம்மதி? காவலுக்கு இருந்ததன் வாயைக் கட்டிவிட்டேனே.

சோப்புப் போட்டு கிரீஸைக் கழுவினேன். இனி தினமும் காலையில் கீலுக்குப் போர் தண்ணி; உப்புக்குத் துரு ஏறினால் மறுபடி கத்தும். நான் தம்மாம் போனால் அவளுக்கு அது வேணுமில்லையா?

"செடிக்கு ஊத்தச் சொன்னா கேட்டுக்கு ஊத்துறீக" என்கிறாள் சூஃபியா.

ஜூலை 12, சனி

துரு வரவே இல்லை. நல்ல கிரீஸாகப் பார்த்து வாங்கியது என் தப்பு.

ஜூலை 17, வியாழன்

வந்துவிட்டது! மீன் வாங்கிக்கொண்டு வந்து திறந்தேன், லேசாக ஒரு முனகல். அடுப்படியிலிருந்து காலிதா, திரும்பாமலே: "நகரை மீனு கிடைச்சுச்சா?"

நான் வாயே திறக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நீங்கதேன் திறந்துட்டு அங்கனயே செத்த நேரம் நிப்பீக. உள்ள வரலாமான்னு கேக்குற மாதிரி."

நிற்கிறேனா? மறுபடி வெளியே போய் வந்து பார்த்தேன். நிற்கத்தான் செய்கிறேன். சொந்த வீட்டு வாசலில் ஏன் நிற்கிறேன்?

ஜூலை 22, செவ்வாய்

தம்மாமில் எங்கள் போர்மேன் காஜா நவாஸ் போன் செய்தான். இன்றைக்குள் முடிவு சொல்லணுமாம். அசர் தொழுதுவிட்டு வந்து கேட்டைத் திறந்தேன். சத்தம் இல்லை. கீலைத் தொட்டால் விரலில் தேங்காய் எண்ணெய்.

"யாரு போட்டா?"

"நாந்தேன்." மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சத்தம் வேணும்னுல்ல நான்..."

"ஆளு வீட்டுல இருக்கைல அது எதுக்கு?"

கொல்லைப்பக்கம் போய் காஜா நவாஸைக் கூப்பிட்டேன். "வேற ஆளப் பாத்துக்க மாப்ள."

"ஏன், என்னாச்சு?"

"வீட்டுல கேட்டுக்கு எண்ணெய் போட்டுட்டா."

"ஏலே, ஊர்ல வெயில் அதிகமா?"

மஃரிபுத் தொழுகைக்குப் போய்த் திரும்பும்போது கேட்டில் நிற்கவில்லை. திறந்த கையோடு நடந்து நேரே அடுப்படிக்கு வந்துவிட்டேன். சத்தம் இல்லாததால் காலிதாவுக்கு அது தெரிந்திருக்காது. 'இன்னைக்கு நான் நிக்கல புள்ள' என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குப் பதில், சரியான குழாயாகப் பார்த்து, நல்ல தண்ணியில் அவளுக்கு ஒரு டீ போட்டேன்.