தண்ணீர் ஊற்றிய கள்ளி

12-3-1958, கோவில்பட்டி.

அந்தக் கள்ளி போய்விட்டது. ஐப்பசி மழையில் குளத்தூர்ப் பக்கம் ஒரு புஞ்சை ஓரத்தில் கண்ட சின்னக் கிழங்குக்கள்ளி. அன்று இலையை மட்டும் எடுத்து ஒற்றுத்தாளில் வைத்து அழுத்தினேன். இலை உதிர்ந்து மொட்டையான பிறகு, வெயிலில்தான் அது பூக்கும். பூவும் சேர்ந்தால்தான் எங்கள் கல்லூரித் தாவரச் சேகரிப்புக்கு அந்தத் தாள் முழுமையாகும். அதனால் கிழங்கைத் தோண்டவில்லை. பக்கத்தில் குச்சி நட்டுத் துணி கட்டினேன். புஞ்சைக்காரி சவரியம்மாளிடம், "இதக் கொஞ்சம் பாத்துக்கிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று பூப் பறிக்கப் போனேன். குச்சியைச் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டியிருந்தது. கரிசல் குடித்த ஈரத்தை லேசில் விடாது. விரலை விட்டுப் பார்த்தேன், கிழங்கு கூழாக வந்தது.

"எல கொட்டவும் பயந்துட்டேன் சார். குடிக்கச் சொமந்துட்டு வார தண்ணில தெனமும் ஒரு செம்பு ஊத்துதேன். பொழச்சிக்கிடுமா?" என்று சவரியம்மாள் கேட்டாள்.

காய்ந்தால்தான் பூக்கும் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியும் என்று எப்படி நினைத்தேன்?

"வேரு இருக்கும்மா, மழைக்குத் துளுத்துரும்" என்று பொய் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. அதே குடத்திலிருந்து எனக்கும் ஒரு செம்பு தந்தாள். குடித்தேன்.

பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. இனி ஊற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பேச்சை நம்பி நாளைக்கும் ஊற்றுவாள்.