ஞாயிற்றுக்கிழமை நாலு மணிப் போன்

வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன் என்றாலும், என் உயிருக்கு உயிரான மதினி சீனியம்மாளுக்கு,

வருகிற தை பிறந்தால் நீ போய் ஒரு வருஷம். உன் வீட்டுக்காரர், அதான் என் அண்ணன், சுகமாகத்தான் இருக்கிறார். இந்த ஐப்பசியில் நம் காட்டுக்கு மழை வஞ்சனை இல்லாமல் பெய்தது. மக்காச்சோளம் ஆள் உயரம் நிற்கிறது. பாதியைக் காட்டுப்பன்றி உழப்பிவிட்டது, மீதியில் மயில் இறங்குகிறது. அண்ணன் ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பிலேயே கிடக்கிறார். முதல் நாள் ஒரு மயில் வந்தது. அந்தச் சத்தம் அதற்குப் பிடித்துப்போனதோ என்னவோ, மறுநாள் கூட நாலு மயிலைக் கூட்டிக்கொண்டு வந்தது.

எதையோ எழுத உட்கார்ந்து மயிலிடம் போய்விட்டேன். என் குணம் உனக்குத் தெரியும். மழை பெய்ததா என்று கேட்டால், மழையில் நனைந்த மாடு, அந்த மாட்டை விற்றவன், அவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனது என்று போய்க்கொண்டே இருப்பேன். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டுத் திரும்பி வந்தாலும் நான் மழைக்கு வந்திருக்க மாட்டேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மேல் பொறாமை மதினி. செத்தவள் மேல் என்னடி பொறாமை என்று கேட்பார்கள். நீ உயிரோடு இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், முடியைப் பிடித்து இழுத்திருப்பேன், மறுநாள் குழம்பு வாங்க உன் வீட்டுக்கே வந்திருப்பேன். அதற்கு வழி இல்லாமல் போனதால்தான் இது பொறாமையாகவே நிற்கிறது.

என் மகன் மாரிச்சாமி வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷம். அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் நான் குறி கேட்காத கோயில் இல்லை. ஒவ்வொரு கோயிலுக்கும் கூட வந்தவள் நீ. கயத்தாறில் லாரிகள் நிற்கும் இடத்தில் அவன் படத்தை டிரைவர்களிடம் காட்டிக் காட்டி அழுதேனே, அந்த வெயிலில் எனக்குக் குடை பிடித்தவள் நீ. அன்றைக்கு அவன் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறான் என்று உனக்குத் தெரியும். குடையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாய்.

ஒரு நாளாவது சொல்லிவிடலாம் என்று உனக்குத் தோன்றவில்லையா? உனக்கு ஒரு பிள்ளை இல்லை என்பதால் என் பிள்ளையை வைத்துக்கொண்டாயா? இந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். எழுதினதை அழிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, அதுதானே என் வியாதி.

அவன் எதனால் போனான் என்பது ஊருக்கே தெரியும். லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்தவன், பசுவந்தனையில் ஒரு பெண்ணைப் பார்த்து ஆசைப்பட்டான். வீட்டில் சொல்லக் கூச்சம். அவனே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பெண் கேட்கப் போய்விட்டான். பெண்ணின் அப்பா ஆடு வளர்க்கிறவர். வாசலில் தயங்கி நின்றவனை, குட்டி வாங்க வந்த ஆள் என்று நினைத்து நேராக ஆட்டுத் தொழுவத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு குட்டியின் பல்லைப் பிடித்துக் காட்டினார், இடுப்பைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். இல்லை, உங்கள் மகளைக் கேட்டு வந்தேன் என்று சொல்ல இவனுக்கு நாக்கு எழவில்லை. கையில் இருந்ததைக் கொடுத்து ஒரு கிடாய்க்குட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டான். வாழைப்பழத்தைக் குட்டி வழியிலேயே தின்றிருந்தது.

அன்று பொழுது சாய என் மடியில் தலை வைத்துப் படுத்து நடந்ததைச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு இன்னொன்றும் சொன்னான். ஆம்பளைப் பிள்ளை, பெற்றவளிடம் மட்டும் சொல்லக்கூடிய பேச்சு.

மறுநாள் மிளகாய்ப் பழம் பறிக்கப் போன இடத்தில் இருபது பெண்களுக்கு முன்னால் நான் அதைக் கதையாகச் சொன்னேன். மாமனார் பல்லைப் பிடித்துக் காட்டியதை நடித்தேன், குட்டி மாதிரிக் கத்தினேன், கடைசியில் அவன் மடியில் படுத்துச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் பழத்தைக் கீழே கொட்டினார்கள். நீ ஒருத்திதான் சிரிக்கவில்லை. இவளுக்குக் கதையின் ருசி தெரியாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்த வாரமே அவனுக்குக் கிடாய் மாப்பிள்ளை என்று பேர் விழுந்தது. பேச்சு பசுவந்தனைக்கும் போய், அந்தப் பெண்ணை அவசர அவசரமாக வேறு இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் மாரி வீட்டில் இல்லை. அவன் அப்பா செத்தபோது அவனுக்கு மூன்று வயது. எனக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான்.

உன் கருமாதி முடிந்த பிறகு அண்ணன் உன் பட்டன் போனைக் கொண்டுவந்து, "ஏட்டி வெள்ளத்தாய், இது சும்மாதான கிடக்கு, நீ வச்சுக்கோ" என்று கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குக் கருவேலங்காய் போட்டுக்கொண்டிருக்கிறேன், போன் அடிக்கிறது. மணி நாலு இருக்கும்.

"என்ன அத்தை, ரெண்டு வாரமா போனே எடுக்கல? மேலுக்கு முடியலையா?"

ஒன்பது வருஷமானாலும் பெற்றவளுக்குக் குரல் தெரியாதா? ஏலே மாரி என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அத்தை என்று கூப்பிட்டவன் என் குரலைக் கேட்டால் வைத்துவிடுவானே என்று பயந்துவிட்டேன். வெளியே வந்தது ஒரு ‘ம்’தான். உன்னுடைய ‘ம்’.

நீ எதற்குத்தான் வாயைத் திறந்தாய்? கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டதற்கும் ‘ம்’. கடைசி இரண்டு வருஷம் தொண்டையும் கம்மிப்போச்சு. நான் கதை சொன்னால் ஊரே ‘ம்’ கொட்டும், ஆனால் நீ கொட்டுகிற மாதிரி யாருக்கும் வராது. அதனால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. மாத்திரை போடுதீங்களா என்றான். ‘ம்’. மாமா குடிக்காம இருக்காரா என்றான். ‘ம்’. நாக்பூரில் முறுக்குச் சுடுகிற இடத்தில் வேலை என்பதும், எண்ணெய்ச் சூட்டில் கை கொப்பளித்திருக்கிறது என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணியானால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் சாணி பொறுக்கப் போவாயே, ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. டிவியில் நல்ல படம் ஓடும்போதும் போவாய். நானும் வாரேன் என்றால் வேண்டாம் என்று தலையாட்டுவாய். எட்டு வருஷ ஞாயிற்றுக்கிழமை. எத்தனை கூடைச் சாணி மதினி!

அடுத்த வாரமும் அடித்தது. இந்தத் தடவை, "ஏட்டி சீனி, இங்கன வா, ஆச்சி பேசுது" என்று யாரையோ கூப்பிட்டான். நான் உன்னைத்தான் சொல்கிறானோ என்று ஒரு நிமிஷம் மிரண்டுவிட்டேன். அது அவன் மகள். நாலு வயது. அந்த ஊர்ப் பெண்ணையே கட்டியிருக்கிறான். அந்தக் குட்டி அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ பாடியது. என் பேத்திக்கு உன் பேர். அவள் பிறந்தது, பல் முளைத்தது, நடந்தது எல்லாம் ஓடைக்கரையில் நின்றுகொண்டு நீ கேட்டிருக்கிறாய். அன்று ஆடு கத்தக் கத்தத் தீவனம் போடாமல் உட்கார்ந்திருந்தேன். உன் படத்தை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினேன். அண்ணன் வந்து, காற்றில் திரும்பிவிட்டது போல என்று சரிசெய்தார். நான் மறுபடியும் திருப்பினேன்.

மூன்றாவது வாரம் அவனாகவே கேட்டான், அம்மா எப்படி இருக்கு, இன்னும் அதே வாய்தானா என்று. ‘ம்’ என்றேன். பொய் இல்லையே. சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"நீங்களும் வாரா வாரம் அவகிட்டப் பேசுலே, பேசுலேன்னு ஒரே பாட்டுதான். இருக்குத தொண்டையையும் அதுக்கே தொலைச்சீங்க. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு அத்தை. பேசுனா மறுநாளே காட்டுல நான் அழுததை நடிச்சுக் காட்டும். நான் இருக்குத இடம் மட்டும் அதுக்குத் தெரியக் கூடாது."

அப்போதுதான் தெரிந்தது, வாய் திறக்காத நீ எனக்காக வாரம் ஒரு தடவை வாய் திறந்திருக்கிறாய். அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேனா? எனக்காகப் பேசவும் நீதான் வேண்டியிருந்தது என்று இன்னும் கொஞ்சம் எரிந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. பேசாமல் நீயாகவே இருந்துவிடலாமா என்று பார்த்தேன். வாரம் பத்து நிமிஷம் என் பிள்ளை குரல் கிடைக்கும், பேத்தி பாடும், என்னிடமிருந்து ஒரு ‘ம்’ போதும். ஆனால் அவன் பாசம் வைத்திருந்த ஒருத்தி செத்துப்போயிருக்கிறாள். அது தெரியாமல் அவன் மாத்திரை போட்டாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நீ என் பிள்ளையை எனக்கு மறைத்தாய், நான் உன் சாவை அவனுக்கு மறைக்கிறேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவன் அத்தை என்று ஆரம்பிக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"மாரி, நான் அம்மா பேசுதேன். அத்தை போய்ச் சேந்துட்டா லே. நாப்பது நாளாச்சு."

அந்தப் பக்கம் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. "அப்ப இத்தனை வாரமா ம் கொட்டுனது?" என்றான்.

"நான்தான்."

வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு சித்திரை போனது, ஆடி போனது, ஆவணி போனது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நானும் ஓடைப் பக்கம் போனேன், கூடை இல்லாமல். அவன் நம்பரை எப்படி அழுத்துவது என்று நாலு பேரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கு என்பார்கள், எதற்கு என்று சொன்னால் அது கதையாகிவிடும். யாரிடமும் சொல்லாமல் இருந்தேன் மதினி. ஒரு உயிரிடம்கூட. எனக்கு வயிறு உப்பிசமே வந்தது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்தது. எடுத்தேன்.  "அத்தைக்கு எப்படி உசுரு போச்சு? சொல்லு" என்றான்.

ஊரில் எந்தச் சாவையும் நான் அரைநாள் சொல்லுவேன். அன்றைக்கு வரவில்லை. "காலைல எந்திரிச்சு வாசத் தெளிச்சா. நெஞ்சு அடைக்குன்னு உக்காந்தா. மாமா வண்டி பிடிக்கப் போனாரு. நான் தலைய மடியில வச்சிருந்தேன். அவ்வளவுதான்லே" என்றேன். ஒன்றை அவனிடம் சொல்லவில்லை. என் மடியில் கிடந்தபோது நீ என்னைப் பார்த்து வாயைத் திறந்தாய். சத்தம் வரவில்லை. என்ன சொல்ல வந்தாய்? அவன் பேரையா?

அவன் அழுதான். விம்மி விம்மி அழுதான். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செத்தால் இவன் இப்படி அழுவானா என்று மட்டும் நினைத்தேன். என் பிள்ளை அழும்போது எனக்கு வந்த நினைப்பு அது. உன்னிடம்தானே சொல்ல முடியும்.

இப்போது வாராவாரம் பேசுகிறான். என்னை இன்னும் அம்மா என்று கூப்பிடவில்லை. இந்தக் கடுதாசியைப் பற்றியும் கேட்டேன். அத்தைக்கு எழுதணும்லே, கண்ணுல பட்டா நாலு பேர் படிப்பாங்க, உன் கதையும் வரும், எழுதட்டா என்றேன். ஒரு காரியம் சொல்லுவதற்கு முன்னால் நான் ஒருத்தரிடம் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவன் சொன்னான்:

"கிடாய்க் கதையை எழுதிக்கோ. அத ஊரே சொல்லுது. அன்னைக்கு மடியில படுத்துச் சொன்னதை மட்டும் எழுதாத."

எழுதவில்லை. மேலே பார்த்துக்கொள்.

போன வாரம் உன் வருஷத் திதி என்றைக்கு என்று விசாரித்தான். பெண்டாட்டி பிள்ளையோடு வருகிறானாம். என்னைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லவில்லை, அத்தைக்கு வாரேன் என்றுதான் சொன்னான். சரி, வரட்டும். உனக்காகவாவது வரட்டும். கோவில்பட்டி ஸ்டேஷனில் போய் நான்தான் நிற்பேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மதினி. வீட்டுக்குக்கூட அழைத்துப் போகாமல் முதலில் உன்னைப் புதைத்த இடத்துக்குத்தான் கூட்டி வருவேன். உன்னிடம் சொல்ல அவனுக்கு எவ்வளவோ இருக்கும். நான் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவன் குரல் என் காதில் விழாத தூரத்துக்குத் தள்ளிப் போய் நிற்பேன். அவன் முடித்துவிட்டு வந்ததும் என்னலே பேசினாய் என்று கேட்க மாட்டேன்.

இன்னும் ஆறாத பொறாமையோடும் அதைவிடப் பெரிய பாசத்தோடும்,
உன் நாத்தனார்
வெள்ளத்தாய்