பறவைக்குக் கனவு வருமா

அன்பு மகள் ஜெனிக்கு,

நேற்று மாலை நீ கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை. பயந்துபோய் பக்கத்து வீட்டு காந்திமதியைக் கூப்பிட்டிருக்கிறாய். அவளும் எடுக்கவில்லை. நாங்கள் இருவரும் தாம்பரம் நூலகத்தில், பறவைகளைப் பற்றிய கூட்டத்தில் இருந்தோம்.

அப்பா போனபிறகு காலையில் பேப்பரை நான்தான் முதலில் பிரிக்கிறேன். அதில்தான் அறிவிப்பைப் பார்த்தேன். சில பறவைகள் கடலைத் தாண்டும்போது பறந்துகொண்டே தூங்குமாம். பேசியவர் இதைச் சொன்னதும் என்னை அறியாமல் எழுந்து, "அப்போ கனவும் வருமா சார்?" என்று கேட்டுவிட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. அவர், "தெரியலைம்மா. இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்லை" என்றார்.

ஷேர் ஆட்டோவில் காந்திமதி, "கனவுல பூனை வந்தா பயந்து கீழ விழுந்துடாதாக்கா?" என்றாள். டிரைவர், "கனவுலயும் அதுக்கு றெக்கை இருக்கும்ல" என்றார். ஆட்டோவே இரண்டு கட்சியாகிவிட்டது. முடிச்சூரில் இறங்க மறந்து, அடுத்த ஸ்டாப்பிலிருந்து சிரித்துக்கொண்டே நடந்து வந்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு நேற்றுதான், பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போவது எனக்குக் கஷ்டமாக இல்லை.

சிறுசேரி ஃபிளாட்டில் எனக்கென்று அறை ஒதுக்கி, ஸ்கிரீன்கூட மாட்டிவிட்டதாகச் சொன்னாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் இப்போது வர முடியாது, கண்ணு. அடுத்த சனிக்கிழமை கடல் நீரோட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அதில் ஒன்றுமே தெரியாது. நீ வந்தால் முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா