அறுபத்திரண்டாம் பக்கத்துக் காற்று

தம்பி மொச்சக்கொட்டை,

நேற்று மத்தியானம் தபால்காரர் ஒரு கட்டைக் கொண்டுவந்து போட்டார். சணலை அறுத்ததும் அச்சு மை வாசனை வீடு முழுக்க ஏறிக்கொண்டது. உன் புத்தகம்தான். இரண்டாம் பதிப்பாம். இன்னும் தைக்காத தாள்களாக அனுப்பியிருக்கிறார்கள். கூடவே ஒரு கடுதாசி: ஆசிரியர் காலமாகிவிட்டதால் அக்கா என்ற முறையில் சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். நீ கல்யாணமும் கட்டாமல் போய்ச் சேர்ந்ததில் இதுவும் என் தலையில் வந்து விழுந்தது.

நேராக அறுபத்திரண்டாம் பக்கத்தை எடுத்து விரல் வைத்துப் படித்தேன். ஏலச்செடியின் பூந்தாதைக் காற்று கொண்டுபோய் அடுத்த பூவில் சேர்க்கிறது என்று அப்படியே நிற்கிறது. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

நீ பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவன். நான் மூணாப்போடு ஏலத்தோட்டத்துக்குக் களை பறிக்கப் போனவள். ஆனாலும் எழுதுகிற ஒவ்வொரு கட்டுரையையும் முதலில் எனக்குத்தான் படித்துக் காட்டுவாய். ஞாயிற்றுக்கிழமையானால் நான் முறத்தில் ஏலக்காயைப் பரப்பி, வெடித்ததையும் கருத்ததையும் பொறுக்கிக்கொண்டிருப்பேன். நீ எதிரே சம்மணம் போட்டு உட்காருவாய். கேட்டுக்கொண்டே இருக்கும்போது என் கை நின்றுவிட்டால் அந்த இடம் நன்றாக வந்திருக்கிறது என்று பென்சிலால் ஒரு கோடு போடுவாய். நிற்காவிட்டால் முகம் சுண்டிப்போகும்.

“என்னக்கா, கை ஓடிக்கிட்டே இருக்கு. சலிப்பா இருக்கா?”

“சலிப்பெல்லாம் இல்லடா. ஒண்ணும் வெளங்கல.”

“ஒனக்கு வெளங்கலன்னா ஊருக்கே வெளங்காது” என்று தாளைக் கிழித்துப் போடுவாய். மின்னலுக்குப் பிறகு இடி ஏன் வருகிறது என்பதை எனக்காக நாலு தடவை எழுதினாய்.

பூவும் காயும் பற்றிய கட்டுரையைப் படித்த அன்றைக்கும் என் கை நின்றது. நீ சந்தோஷமாகப் பென்சிலை எடுத்தாய்.

“தப்புடா” என்றேன்.

“எது தப்பு?”

“ஏலத்துக்குக் காத்தா? ஏன்டா, ஏலக்கா ஊர்ல பொறந்துட்டு ஏலப்பூவப் பாத்ததே இல்லையா நீயி? அது செடியோட அடியில, தரையோட தரையா சரம் விட்டுல்ல பூக்குது. மேல அம்புட்டு மரமும் கவுந்து கெடக்கும். காத்து எங்கிட்டு வருது அங்க? தேனீதான் வந்து ஒவ்வொரு பூவா ஏறி எறங்கும். ஈ வராம மழை அடைச்சுப் பேஞ்சா அந்த வருசம் காயே பிடிக்காது.”

“எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?”

“என் முதுகுல போட்டிருக்கு. குனிஞ்சு குனிஞ்சு வளஞ்சு போயிருக்குல்ல, பாத்துக்க.”

நீ சிரித்தாய். ஆனால் மாற்றவில்லை. எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் புத்தகம் வந்தது. பள்ளிக்கூடங்களில் பரிசாகக் கொடுத்தார்கள். முன்னுரையில் தலைமையாசிரியருக்கு நன்றி, அச்சகத்தாருக்கு நன்றி, இங்கிலீஷ் புத்தகங்களுக்கு நன்றி. கடைசி வரியில், பொறுமையாகக் கேட்ட வீட்டாருக்கும் நன்றி. வீட்டார் என்றால் நான் ஒருத்திதானே? போகட்டும், அதற்குக்கூட நான் வருத்தப்படவில்லை. காற்றுதான் உறுத்தியது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதைச் சொல்லிச் சொல்லி உன் உயிரை எடுத்தேன்.

மூன்றாவது வருஷம் ஆடி மாதம் நீயே வாய் திறந்தாய். “சரி, வா. போய்ப் பாத்துருவோம்.” உனக்கு மூச்சிரைப்பு. குளிர் ஆகாது. தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, வேலையாட்கள் ஏறும் ஜீப்பில் என் பக்கத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தாய். போடிமெட்டு வளைவுகளில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். நான் வேலை பார்த்த தோட்டத்துக் கங்காணியிடம் சொல்லி உள்ளே போனோம். உன் பையில் வீட்டுக் கொசுவலையின் கிழிந்த துண்டுகள் இருந்தன. நாலு செடியில், பூ விரிவதற்கு முன்பே, சில சரங்களை அந்த வலையால் மூடிக் கட்டினாய். மற்றதை அப்படியே விட்டாய்.

“காத்து இதுக்குள்ள போகும். ஈ போகாது. இப்பத் தெரிஞ்சுரும்க்கா, நீயா நானான்னு.”

கங்காணி என்னைப் பார்த்துக் கேட்டார்: “என்னத்தா, ஒன் தம்பி ஏலத்துக்குக் கொசு கடிக்கும்னு வலை கட்டுறாரா?”

ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் போனோம். வலையை நீதான் அவிழ்த்தாய். உள்ளே பூவெல்லாம் வாடி உதிர்ந்து, வெறும் காம்பு நின்றது. நாலு செடியிலும் தேடி எடுத்தது இரண்டு காய். பக்கத்திலேயே, வலை இல்லாத சரங்களில் பச்சைப் பசேல் என்று காய் அடைந்து கிடந்தது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். காலில் அட்டை ஏறுவதுகூட உனக்குத் தெரியவில்லை.

“அக்கா, தோத்துட்டேன்” என்றாய். தோற்றவன் முகமா அது! அப்படி ஒரு சந்தோஷத்தை உன் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. “அடுத்த பதிப்புல மாத்திர்றேன்.”

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போனது. உப்பைப் பற்றி எழுதினாய். நிலாவைப் பற்றி எழுதினாய். தேனீயைப் பற்றி எழுதவில்லை. கேட்டால், “பதிப்பு வரட்டும்க்கா” என்பாய். பதிப்பு வருவதற்குள் இந்தப் பங்குனியில் மூச்சு உன்னை விட்டுப் போனது. இரண்டாம் பதிப்பு வேலை தொடங்கியது என்று கேள்விப்பட்டதும், போன மாதம் பஸ்சு ஏறி மதுரை அச்சகத்துக்குப் போனேன். முதலாளி நல்ல மனுசன்தான். காப்பி வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டார்.

“அம்மா, சார் எழுதினதுல ஒரு எழுத்தக்கூடத் தொட மாட்டோம். அது நாங்க அவருக்குச் செய்ற மரியாதை.”

“தப்பா இருக்குய்யா. தப்புன்னு அவனே சொன்னான்.”

“அப்படி அவர் கைப்பட எழுதி வச்சிருக்காரா?”

“என் கண்ணால பாத்தேன்.”

“நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?”

மூணாப்பு என்றேன். காப்பி ஆறுது, குடிங்க என்றார்.

ஊர் வந்து உன் பெட்டியைத் திறந்தேன். உன் நோட்டுகள் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி எட்டு நாள் படித்தேன். அறுந்த பல்லிவால் எவ்வளவு நேரம் துடித்தது என்று எழுதி வைத்திருக்கிறாய். வெயிலுக்குத் தண்டவாளம் நீளுவதை, மோர் புளிப்பதை, உனக்கு இரைப்பு வரும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, எல்லாம் எழுதியிருக்கிறாய். நாம் மலைக்குப் போன அந்த இரண்டு நாள் மட்டும் எந்த நோட்டிலும் இல்லை.

உன் புத்தகத்தை நம்பிப் படிக்கிற பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாமார் பாதிப் பேர் அந்தச் சரத்தை நித்தம் கையில் தொடுகிறவர்கள். வீட்டில் அம்மா தேனீ என்பாள். பிள்ளை புத்தகத்தைக் காட்டி, காத்துன்னுதான் போட்டிருக்கு, ஒனக்கு ஒண்ணும் தெரியாது என்பான். அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமா? போடாவிட்டால் புத்தகமே வராது என்று எழுதியிருக்கிறார்கள். அப்புறம் நீ நாலு தடவை எழுதின இடியும் சேர்ந்து போய்விடும்.

இன்று காலையில் அந்தப் பக்கத்தில் காற்று என்பதை அடித்தேன். மேலே தேனீ என்று கோணல்மாணலாக எழுதி, அதற்குப் பக்கத்தில் என் பேரையும் போட்டேன். இப்படியே அச்சடித்தால்தான் சம்மதம் என்று எழுதிக் கட்டியும் வைத்துவிட்டேன். அவர்கள் அச்சடிக்கட்டும், இல்லை குப்பையில் போடட்டும். என் சண்டை அவர்களோடு இல்லை. இரண்டு வருஷம் இருந்ததேடா உனக்கு. நேரம் கிடைக்காமல்தான் எழுதாமல் விட்டாயா, இல்லை, எழுதினால் இதை யார் சொன்னது என்றும் எழுத வேண்டி வருமே என்றா?