மாப்பிள்ளை வந்த லேண்ட்மாஸ்டர்

கண்டனூர், வைகாசி 1965

மகள் நாகவல்லிக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், அங்கே எல்லோரும் சுகம்தானே? உன் மகள் எட்டாவது தேறியதையும், சின்னவன் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கியதையும் நான் சமைக்கும் வீடு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

உன் மூத்தவன் சேவுகன், இந்த வீட்டுக் கல்யாணத்துக்காக ஆச்சியின் பழைய லேண்ட்மாஸ்டர் காருக்குப் புது அம்பாசடரின் முன்பக்க சஸ்பென்ஷனும் பிரேக்கும் மாற்றிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் முடித்துச் சாப்பிடப் போனான். பெருமை தாங்காமல் நான் ஏறிக்கொண்டு டிரைவரை ஓட்டச் சொன்னேன். பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுத்து வைக்கோல் போரில் முட்டி நின்றது. எனக்கு ஒன்றுமில்லை.

"இதுலயா மாப்பிள்ளைய அழைக்கப் போறீக?" என்றார் ஆச்சி.

"மறுபக்கமும் மாத்தினா நேரா நிக்கும் ஆச்சி. அம்மாச்சிக்குத்தான் அவசரம்!" என்று சேவுகன் சிரித்தான்.

நேற்று மாப்பிள்ளை அதில்தான் வந்தார். வண்டி வாசலில் நேராக நின்றது.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். உங்கள் எல்லோரையும் புதுப் படம் எடுத்து அனுப்பு. என்னிடம் இருப்பதில் சின்னவனுக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை.

அம்மா
பிச்சையம்மாள்