கூப்பிட்டால் கேட்கும் தூரம்

மார்ச் 4, திங்கள்

பேச்சு சிகிச்சையாளராகப் பிள்ளைகளின் திக்குவாயோடும் மழலையோடும் மல்லுக்கட்டியே பாதி வயது போய்விட்டது. இப்போது பெரியவர்களின் குரல் சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி எடுக்கச் சேர்ந்திருக்கிறேன். என்னைப் பழக்குபவர் என் தங்கையைவிடச் சின்னவர். நான் அவரை "மேடம்" என்கிறேன், அவர் என்னை "அக்கா" என்கிறார். யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வேலை பிடித்திருக்கிறது.

மார்ச் 7

முதல்முறையாகத் தனியாகப் பார்க்க ஒருவரைக் கொடுத்திருக்கிறார்கள். நீச்சல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். குளத்தின் ஓரத்தில் நின்று கத்திக் கத்திக் குரல்நாணில் காய்ப்பு விழுந்துவிட்டது. வாயைத் திறந்தால் பாதி காற்றுதான் வருகிறது.

டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்து, குரல் கொடுத்தபடியே குமிழி விடச் சொன்னேன். தொண்டையை இறுக்காமல் பேசப் பழக்கும் வழி அது. அவர் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு முதல் நாள் நான் சொல்லித்தர்றதே இதுதாங்க."

விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் பேச்சைவிடச் சிரிப்பு தெளிவாக இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 10

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று என் வீட்டுக்காரர் பலமுறை சொன்னாராம். எனக்கு நினைவிருப்பதெல்லாம் வாக்கியம் முடியும்போது அவர் குரல் கரகரக்கிறது என்பதுதான். அதை அவரிடமே சொன்னேன். வாளியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மார்ச் 14

டீச்சரை மனதில் தோன்றியதைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். மூச்சு சீராக இருந்தது, குரலில் காற்று குறைந்திருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 18

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மேடத்தோடு உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்டேன். டீச்சர் சொல்கிறார்: "நேத்து ஒரு பொண்ணு ஆழமான பக்கம் போயிட்டா. கூப்பிட்டேன், சத்தமே வரல. நானே குதிச்சுத் தூக்கிட்டு வந்தேன். இனிமே இந்த வேலையே வேணாம்னு தோணுது."

அடுத்து என் குரல், தேன் சொட்டச் சொட்ட: "ரொம்ப நல்லா இருக்கு. இதையே பிடிச்சுக்கோங்க."

மேடம் பதிவை நிறுத்தினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நானும் அந்த அறையிலதானே இருந்தேன்? என் காது எங்க போச்சு? ஒரு பிள்ளை தண்ணிக்குள்ள போச்சுன்னு ஒருத்தர் சொல்றார் — நான் அவர் மூச்சை அளந்துட்டு இருந்திருக்கேன்.

மார்ச் 21

டீச்சர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

மார்ச் 22

மேடத்திடம் கேட்டுக்கொண்டு நேராக நீச்சல் குளத்துக்கே போனேன். டீச்சர் நுழைவுச்சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்ப் பக்கம் போக மாட்டேன் என்று தானே கேட்டு மாற்றிக்கொண்டாராம்.

"அன்னைக்கு நீங்க சொன்னதை நான் கேக்கவே இல்லங்க. உங்க தொண்டையை மட்டும்தான் கேட்டேன்," என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் கூடுதலாக வலித்தது.

பிறகு முழுவதையும் சொன்னார். அந்தச் சிறுமியின் சிவப்புத் தொப்பியை, அது அசையாமல் விலகிப் போனதை, வாயைத் திறந்தும் வெறும் காற்று வந்ததை. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. குரல் அழகாக வர வேண்டும் என்று அவர் என்னிடம் வரவில்லை. கூப்பிட்டால் ஒரு பிள்ளை திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

மார்ச் 25

இனி பயிற்சி என் அறையில் இல்லை, குளத்தின் ஓரத்தில்தான். டீச்சர் ஒப்புக்கொண்டார், ஆனால் அரை மனதாக. வரிசையில் நில், ஏறி வா என்பதற்கெல்லாம் விசிலும் கைச்சைகையும். குரல், பெயர் சொல்லிக் கூப்பிட மட்டும்.

ஏப்ரல் 2

விசில் காதைப் பிளக்கிறது. டீச்சருக்கு ஒரே குஷி.

ஏப்ரல் 13

கதவு கிறீச்சிடுகிறது என்று வீட்டுக்காரர் சொன்னார். உடனே எழுந்து எண்ணெய் விட்டேன். உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்.

மே 16

இன்று எனக்குக் கடைசி மதிப்பீடு. டீச்சர் குளத்தருகே நின்று கூப்பிடுவதைப் பதிவு செய்துகொண்டு போக வேண்டும். போனும் கையுமாக நின்றேன்.

சிவப்புத் தொப்பிக்காரி தோழியோடு அரட்டையடித்தபடி, எல்லைக் கயிற்றைத் தாண்டி ஆழமான பக்கம் மிதந்துபோய்விட்டாள். டீச்சர் முகம் மாறியது. ஒரு கணம் குதித்துவிடுவார் என்றே நினைத்தேன். குதிக்கவில்லை. மூச்சை நன்றாக இழுத்து, அவள் பெயரை ஒரே ஒரு தடவை சொன்னார்.

அந்தக் கோடியில் தொப்பி திரும்பியது. கையை ஆட்டிவிட்டு நீந்தி வந்தாள். டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் மேடம் பதிவு எங்கே என்று கேட்டார். போனில் பதிவுப் பொத்தானை அமுக்கவே மறந்திருந்தேன்.

"பரவாயில்லக்கா, வாயாலயே சொல்லுங்க. குரல் எப்படி இருந்துச்சு? கரகரப்பு இருந்துச்சா, காத்து கலந்துச்சா?"

எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவில் இல்லை.

"தெரியல மேடம். கூப்பிட்டதும் அந்தப் பொண்ணு திரும்பிட்டா."

மேடம் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே என் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.