அம்மா வாயைத் திறந்த காலை

என் வாயாடித் தங்கச்சி செல்விக்கு,

நீ இருக்கும் இடத்தில் காலை எப்படி விடிகிறது? இங்கே படப்பை ரோட்டில் இன்னும் அதே மாதிரிதான். ஏரிப் பக்கமிருந்து பனி எழுந்து வந்து நம் முதியோர் இல்லத்தின் ஜன்னல் கம்பிகளில் உட்கார்ந்துகொள்கிறது. தாம்பரத்துப் பயிற்சி விமானம் தும்பி மாதிரி எங்கேயோ சுற்றுகிறது. வெந்நீர் வாளிகள் வராந்தாவில் வரும்போது அந்த ஆவிக்குள் நீ நிற்கிற மாதிரியே இருக்கும். கூப்பிட வாயெடுப்பேன். ஆவி கலைந்துவிடும்.

உனக்கு ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். உன் அம்மா சாப்பிடுகிறார்.

இதில் என்னக்கா சேதி என்பாய். ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ திடீரென்று போன பிறகு, கோவளத்து வீட்டில் அவரைத் தனியே விட மனசு வரவில்லை. நீ என்னோடு வேலை பார்த்த இந்த இல்லத்துக்கே கூட்டிக்கொண்டு வந்தோம். வந்த கொஞ்ச நாளிலேயே வாயை இறுக்கிக்கொண்டார். பிரஷ்ஷைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். ஸ்பூனைக் கண்டால் தட்டிவிடுவார். நினைவு வேறு வந்து வந்து போகிறதா, என்ன செய்கிறது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மீன் கூடையோடு கேளம்பாக்கம் வரைக்கும் தெருத்தெருவாகக் குரல் கொடுத்த மனுஷி!

மகள் போன துக்கம் என்றோம். வயசு என்றோம். ஆள் துரும்பாக இளைத்துக்கொண்டே போனார். பார்க்க வந்த டாக்டர், "இப்படியே போனா மூக்கு வழியா டியூப் போட்டுதான் ஆகணும் சிஸ்டர்" என்றார். உனக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

நம் பயிற்சி வகுப்பை நான் நிறுத்தவில்லை, செல்வி. பெரியவர்களுக்கு வாய் சுத்தம் செய்துவிடப் புதிய பணிப்பெண்கள் பழகுவது இன்றும் அதே சாப்பாட்டு ஹாலில்தான். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி பல் தேய்த்துவிட வேண்டும் என்று நீ போட்ட சட்டமும் அப்படியே இருக்கிறது. "அடுத்தவ கை நம்ம வாய்க்குள்ள வந்தாதான்க்கா தெரியும், அது இன்னா பேஜார்னு" என்பாயே.

ஒரு நாள் காலை வகுப்பில், அனகாபுத்தூரிலிருந்து வரும் புதுப் பெண் ரூபிக்கு மட்டும் ஜோடி அமையவில்லை. தன் புது பிரஷ்ஷோடு ஜன்னலோரம் போய் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தானே தேய்க்க ஆரம்பித்தாள். இளவெயில் சாய்வாக விழுந்திருந்தது. ஹால் முழுக்க நுரையும் சிரிப்பும் புதினா வாசனையும். அந்த மயக்கத்துக்குள் உன் அம்மாவின் கை மெல்ல எழுந்து ரூபியின் தாடையைப் பிடித்தது. இன்னொரு கை பிரஷ்ஷைப் பிடுங்கியது.

"இன்னாடி தேய்க்கிற? உள் பக்கம் யாரு தேய்ப்பா, உங்கப்பனா? ஆ காட்டு. ஆ..."

குழந்தைக்குச் சோறு ஊட்டும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? பிள்ளை வாய் திறப்பதற்குள் அவர்கள் வாய் திறந்துகொள்ளும். அதேபோல "ஆ" சொல்லிச் சொல்லி உன் அம்மாவும் தன் வாயை அகலத் திறந்தார். நான் டார்ச்சோடு ஓசையில்லாமல் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

கீழ்ப் பல் ஒன்றைச் சுற்றி ஒரு கம்பி இருந்ததடி. ஈறுக்குள் புதைந்து, சுற்றிலும் வெள்ளையாகப் புண்.

அந்தக் கம்பியோடு இருப்பது கழற்றி மாட்டும் பல் செட் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது, செல்வி! கூட்டி வந்த அன்று வாயைப் பார்த்தோம்தான். வெற்றிலைக் காவி ஏறின பல் வரிசை. செட் என்றால் பளீரென்று வெள்ளையாக அல்லவா இருக்கும்? சொந்தப் பல் என்று முடிவு கட்டிவிட்டோம். பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது, நீ செட் செய்கிறவரிடம் மல்லுக்கு நின்று, பக்கத்துப் பல்லின் காவி நிறத்திலேயே செய்து வாங்கியிருக்கிறாய், அம்மா யாருக்கும் தெரியாமல் சிரிக்கட்டும் என்று. ராத்திரி நீயே கழற்றி, காலையில் நீயே மாட்டிவிட்டிருப்பாய். நீ போன பிறகு அதைக் கழற்ற ஆளில்லை. உலகத்துக் கதையெல்லாம் பேசினாயே, இதை மட்டும் என்னிடம் சொல்லாமல் போய்விட்டாயே?

தாம்பரத்திலிருந்து பல் டாக்டர் அன்றே வந்து மெதுவாகக் கழற்றினார். அம்மா போட்ட சத்தத்தில் ரூபி அழுதுவிட்டாள். பிறகு அம்மா நாக்கால் துழாவித் துழாவிப் பார்த்துவிட்டு, அப்படியே தூங்கிப் போனார். டியூப் பேச்சு நின்றது. முதலில் ஆறின கஞ்சி, அப்புறம் குழைந்த சோறு. புண் ஆறிய பிறகு, கம்பியைச் சரிசெய்து செட்டை மறுபடி மாட்டினோம். முந்தாநாள் சங்கரா மீன் குழம்பு. "ஐஸுல வெச்ச மீனு, இத்த எவன் வாங்கினான்?" என்று சமையல்காரரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இப்போது தினமும் ரூபிக்குத் தேய்த்துவிட்ட பிறகுதான் தன் வாயைக் காட்டுகிறார். அவளை "செல்வி" என்றுதான் கூப்பிடுகிறார். திருத்தட்டுமா என்று ரூபியிடம் கேட்டேன். "வேணாம்க்கா. கூப்ட்டுட்டுப் போவட்டும். எனக்கு இன்னா கொறைஞ்சிடப் போவுது?" என்றாள். உனக்குக் கோபமில்லையே?

போன வாரம் ரூபி லீவு. என் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நானே போய் உட்கார்ந்தேன். உன் அம்மா என் தாடையைப் பிடித்தார். அந்தக் கையில் கடல் வாசம் இன்னும் இருப்பது போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். கோவளத்து வாசலில் சின்னப் பெண்ணாக நீ வாயைத் திறந்துகொண்டு நிற்பது தெரிந்தது. நுரையோடு நுரையாக எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா கையை நிறுத்தினார். குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்குதாடி? சொல்லு. மெதுவா தேய்க்கிறேன்."

இனி நம் வகுப்பில் முதல் பாடம் இதுதான், செல்வி. பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதைக் கேட்போம், பதில் சொல்லத் தெரியாதவர்களிடமும் கேட்போம். உன் அம்மாவின் பல் செட்டை ராத்திரி நான் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுவேன். நான் இல்லாத நாளில் ரூபி போடுவாள். நீ நிம்மதியாகத் தூங்கு.

உன் அம்மா பல் தேய்த்துவிட்ட இன்னொரு மகள்,
எஸ்தர் அக்கா